பாலைவனத்தில் குளிர்ந்த ஆத்துமா

தாராவி கோயிலில் இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தும் போதகர் ஞானாபரணத்துக்கு ஆசை அடங்கவில்லை. உலகப் போரில் ஆப்பிரிக்கா போய்த் திரும்பியிருந்த பட்டாள லாரி டிரைவர் மாசிலாமணியைச் சாட்சி சொல்ல எழுப்பினார்.

“பாலைவனத்துல வண்டி ஓட்டிக்கிட்டுப் போனப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை கூடாரத்துல ஆராதனை வச்சாவ. என் ஆத்துமா அப்படியே குளுந்துபோச்சு ஐயா!”

போதகருக்குப் பொறாமை பொங்கியது. அவர் பிரசங்கத்தைக் கேட்டு இதுவரை ஒருவரும் குளிர்ந்ததில்லை. அடுத்த வாரம் அந்தக் கூடாரப் பிரசங்கத்தையே தானும் செய்துவிடலாம் என்று பென்சிலும் கையுமாக நின்றார்.

“அங்க வந்த பாதிரியார் எதைப் பத்திப்பா பிரசங்கம் பண்ணுனாரு?”

“அவுக எங்க வந்தாவ? அவுக ஜீப்பு வழியில மணல்ல மாட்டிக்கிட்டுது. நாங்களே ஒரு பாட்டு, ஒரு ஜெபம்னு கால் மணி நேரத்துல முடிச்சிட்டோம்!”

“ஆமென்!” என்றது சபை, அன்றுதான் முதன்முதலாக, ஒரே குரலில்.