இருபது மில்லிமீட்டர்

"பாப்பா, நாளைக்குப் பஞ்சாயத்துல நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் நாகநாதன், சேற்றுக் காலோடு வாசலில் நின்றபடி.

பிளஸ் ஒன் படிக்கும் ரிஃப்கா தலை நிமிரவில்லை. தினமும் காலை எட்டரைக்கு மழையளவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுபவள் அவள்தான்.

"செவ்வாக்கிழமை ராத்திரி நான் சீர்காழியில மக வீட்டுல இருந்தேன். நீ இருபது மில்லிமீட்டர்னு போட்டிருந்தே. அந்த மழைக்கு என் நடவு முழுகுமா? மேல்வயல் பரணிதரன்தான் ராவோட ராவா தண்ணிய என் பக்கம் வெட்டி விட்டிருக்கான். கேட்டா, பேய் மழைங்கிறான்!"

"எம் பொண்ணு தஞ்சாவூர்ல ரெண்டு நாள் டிரெய்னிங் எடுத்தவண்ணே. அவ அளவு தப்பாது" என்றாள் தாய் ரஹ்மத் பீவி. "ஏண்டி தயங்குறே? உள்ளதைச் சொல்ல என்ன பயம்?"

"அந்த மழைமானியையும் கொண்டா பாப்பா. எல்லாரும் பாக்கட்டும்."

உள்ளே போன ரிஃப்கா, வெகுநேரம் கழித்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். பயிற்சியில் கொடுத்த பெட்டி. ஒட்டியிருந்த டேப்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இடின்னா எனக்கு பயம் மாமா. இதை வைக்க மாடிக்கே போனதில்ல. தாராசுரத்துல என் ஃபிரண்ட் சுமையா அளந்து அனுப்புறதைத்தான் நம்ம ஊர் மழைன்னு போட்டுக்கிட்டிருந்தேன்."

ரஹ்மத் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திட்டு விழப்போகிறது என்று ரிஃப்கா கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஆனால் நாகநாதன் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"காலையில கடைத்தெருவுல, அத்தனை பேர் முன்னாடியும், அவன் மேல கைநீட்டிட்டேனே பாப்பா!"