ஐந்தாம் கட்டம்

"இவ்வளவு திமிர் ஆகாது அந்த மனுஷனுக்கு!"

சரக்கு அறையின் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள் என்கார்னா. ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில், ஃபிளமெங்கோ ஆட்டமும் பாட்டும் நடத்தும் அந்தச் சங்கத்தின் செயலாளர் அவள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் கிதார்காரர் இசிட்ரோ.

வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

காதிஸிலிருந்து ஆட வந்திருந்த எஸ்ட்ரெய்யா, ஷூவின் வாரை மாட்டியபடி கேட்டாள். "என்னக்கா சொல்றார்?"

"பக்கத்துல இன்னொரு கிதார் இருந்தா வாசிக்க மாட்டாராம்."

"ஐயோ, என் வீட்டுக்காரர் வாசிக்காம நான் ஆடினதே இல்லையே."

"இன்னிக்கு எப்படியாவது முடியட்டும்மா. அடுத்த வாரத்துலேருந்து வேற ஆளைப் போட்டுடறேன். நாலு வருஷமா இதே கூத்து. நாலு மணிக்கே வந்து கதவைச் சாத்திக்குவார். கிதாரைத் தொட விடமாட்டார். ஏதோ தங்கத்துல செஞ்ச மாதிரி!"

கதவு திறந்தது. இசிட்ரோ யாரையும் பார்க்காமல் கிதாரை மேடை நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஒரு டம்ளர் ஷெர்ரி ஒயினோடு வாசலில் போய்த் தனியாக நின்றுகொண்டார்.

எஸ்ட்ரெய்யாவின் கணவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கிதாரில் ஒரு தந்தியைச் சுண்டினான். தன் கிதாரிலும் அதே தந்தியைச் சுண்டினான். மற்ற ஐந்தையும் அப்படியே ஒப்பிட்டான். முகம் மாறியது.

"அக்கா, இங்க வாங்க. தந்தி எல்லாம் ரெண்டு கட்டம் இறங்கியிருக்கு."

"சுருதி தப்பா?"

"தப்பில்ல. ஆறும் ஒண்ணுபோல இறங்கியிருக்கு. வேணும்னே செஞ்சது."

கிதாரின் கழுத்தைக் குறுக்குக் கம்பிகள் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்; அதன்மேல் ஒரு கவ்வி மாட்டுவார்கள், கட்டம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அது எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ, அதுதான் பாடகரின் சுருதி. ஹெரெஸ்காரர்கள் பாடகரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கவ்வியைத்தான் பார்ப்பார்கள். சங்கத்தின் பாடகர், எழுபத்து நான்கு வயது கஸ்பாருக்கு இன்னும் ஐந்தாம் கட்டம் என்பது ஊருக்கே பெருமை.

கண்ணுக்கு ஐந்து. காதுக்கு மூன்று.

என்கார்னா வாசலுக்குப் பாய்ந்தாள். "ஊரையே ஏமாத்துறீங்களா?"

"மெல்லப் பேசும்மா." இசிட்ரோ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "கஸ்பார் அண்ணனோட சம்சாரம் செத்த வருஷமே அவர் தொண்டையும் இறங்கிப்போச்சு. 'என்னிக்குக் கவ்வி அஞ்சுக்குக் கீழ இறங்குதோ, அன்னியோட இந்த வாசல மிதிக்க மாட்டேன்'னு இதே இடத்துல நின்னு சொன்னார். சொன்னாச் செய்யற மனுஷன். வராம நின்னுட்டா வாரம் பூரா அவர்கூட யார் பேசுவா? சமையலறை ரேடியோவா?"

"இதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் உங்களை என்னவெல்லாம்..."

"உனக்குத் தெரிஞ்சா அது ஊருக்கே தெரியும். திமிர்னே இருந்துட்டுப் போகட்டும்."

பத்து நிமிடத்தில் சரக்கு அறை மறுபடி தாழ் போட்டுக்கொண்டது. இம்முறை உள்ளே இரண்டு கிதாரின் தந்திகள் தளர்ந்தன.

கஸ்பார் வந்தார். தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை. நாலு சட்டையில் நல்ல சட்டை.

"டேய் இசிட்ரோ, அஞ்சுலதானே போட்டிருக்க?"

"அஞ்சுதான் அண்ணே."

"போன வாரம் மாதிரித் தூங்கி வழியாதே. அட, ரெண்டு கிதாரா! நல்லதாப் போச்சு. இவன் தூங்கினா நீ எழுப்பி விடு தம்பி."

கூடமே சிரித்தது. இசிட்ரோ குனிந்து கவ்வியைச் சரிசெய்தார்.

தனிமையைப் பாடும் சொலேயாவைத்தான் எடுத்தார் கஸ்பார். கட்டிலில் ஒரு பாதி எப்போதும் குளிர்ந்தே கிடக்கிறது என்றொரு வரி. அந்த இடத்தில் எஸ்ட்ரெய்யாவின் கால்கள் நின்றன. தூக்கிய கை அப்படியே இருந்தது. கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையிலிருந்து யாரோ, "ஓலே..." என்று சபாஷ் போட்டார், பெருமூச்சு மாதிரி.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, கஸ்பார் கோட்டு மாட்டிக்கொள்ள என்கார்னாதான் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வயசுல அஞ்சாம் கட்டம்! எப்படி மாமா முடியுது?"

ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்தவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே இசிட்ரோ கிதார் பெட்டியை மாட்டிக்கொண்டு, போக மனசில்லாதவர் போல நின்றிருந்தார்.

"மூணு," என்றார் கஸ்பார், குரலைத் தாழ்த்தி.

"என்ன மாமா?"

"மூணாம் கட்டம். அம்பது வருஷமாப் பாடறேன் மகளே. என் தொண்டை எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அஞ்சு, அஞ்சுன்னு அவரை விரட்டுறீங்க?"

"இசிட்ரோகூட இருந்த அவன் அக்காவும் செத்ததுலேருந்து அவன் வீட்டுல ஒரு ஜன்னல் திறந்து நான் பார்க்கல. வெள்ளிக்கிழமை மட்டும் வெளிய வர்றான். ஏன்? அவன் வந்து தந்தியத் தளர்த்தலைன்னா கஸ்பார் வீட்டோட முடங்கிடுவானாம். அந்தப் பயம் ஒண்ணுதான் அவனைத் தெருவுக்கு இழுத்துட்டு வருது. அதையும் பிடுங்கச் சொல்றியா?"

இன்னொரு கையையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"டேய் இசிட்ரோ! அடுத்த வாரமும் அஞ்சுதான். மறந்து தொலைக்காம வந்து சேரு!"