நாய்க்கடிக்கு ஊசி வேண்டாம்

எதிர்வீட்டு ரோஸ்லினுடைய மகளின் காலில் நாய் கடித்த காயத்தைப் பார்த்ததும் தமயந்தி பதறிப்போனாள். காயத்தின் மேல் மிளகாய்ப்பொடி அப்பியிருந்தது.

"ஊசி போடலையா?"

"வேண்டாம்னு நீங்கதானேக்கா உங்க அறிவியல் வீடியோல சொன்னீங்க?"

ரோஸ்லின் போனைக் காட்டினாள். முகமும் குரலும் தமயந்தியுடையவைதாம். பேச்சு மட்டும் அவள் பேசாதது. அவள் வீடியோ போடும் இணையதளமே, பார்ப்பவர் மனம் கோணாதபடி பாடத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றிவிடுகிறது.

"எனக்கு ஊசின்னா பயம்னு அதுக்குத் தெரியும்க்கா."

தமயந்தி கத்தினாள். "என் வாயை வச்சே பொய் சொல்லியிருக்கானுங்க! கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

ரோஸ்லின் பின்வாங்கினாள். "வீடியோல நீங்க இப்படிக் கத்த மாட்டீங்களே."

தமயந்தி சிறுமியை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரோஸ்லின் போட்ட கூச்சலில் தெருவே பின்னால் விரட்டியது. நர்ஸ் ஊசி போட்டு முடிக்கும்வரை, விரட்டி வந்த தெருக்காரர்கள் கையில் பிள்ளையை அவள் கொடுக்கவே இல்லை.