சுவருக்கு அந்தப் பக்கம்

தம்பி கல்யாணத்துக்குள் இளைத்தே தீருவதென்று கலாமணி உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் பட்டறை வைத்திருந்த கணவன் கிருபாசங்கர் தானே செய்து கொடுத்தது. அதன் பெல்ட் சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் பின்கட்டுக்குப் போனது.

“முடியலைங்க, கண்ணைக் கட்டுது.”

“சும்மா சுத்துனா கொழுப்புக் கரையாது அம்மணி. பாரத்தை இழுக்கோணும். அதுக்குத்தான் அந்தப் பக்கம் கல்லு மாட்டியிருக்கறேன்.”

“நேத்து இத்தனை கனமில்லீங்களே?”

“தெனமும் பாரம் கூட்டுனாத்தான் எடை எறங்கும். அசந்தா மெதுவா மிதி, நிறுத்தீராதே.”

அதற்குள் அவள் கால் நின்றுவிட்டது.

பின்கட்டிலிருந்து மாமியார் கத்தினாள்.

“டேய் கிருபா! கரண்ட்டு வர்ற வரைக்கும் அவளை மிதிக்கச் சொல்லுடா. கிரைண்டர் நின்னுபோச்சு, உளுந்து பாதிதான் அரைஞ்சிருக்குது!”

திகைத்துப்போன கலாமணி சைக்கிளிலிருந்து குதித்தாள். அசதி போன இடம் தெரியவில்லை.