காலண்டர் படம்

அரியலூர் வார்ப்படப் பட்டறையில், உலையிலிருந்து மொண்ட இரும்புக் குழம்போடு அச்சின் முன்னால் நிற்கிறான் சாமிதுரை. நீளக் கரண்டியில் அது வெயிலை உருக்கியதுபோல் தளும்புகிறது. எண்பத்துமூன்றாம் வருஷக் காலண்டருக்குப் படம் பிடிக்க ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருக்கிறார்.

"அச்சுல தண்ணி தெளிச்சுட்டு ஊத்துடா. ஆவி கெளம்புனா படம் எடுப்பா இருக்கும்" என்கிறார் முதலாளி, வாய் கூசாமல். போன மாதம் கூட வேலை பார்த்த பூமாலை என்பவனை ஈரம் காயாத அச்சில் குழம்பை ஊற்றச் சொன்னவரும் இவர்தான். குழம்பு வெடித்து அவன் கண்ணிரண்டும் போயின. அவன் துண்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. சாமிதுரை கரண்டியைக் காய்ந்த மணலில் இறக்கிவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கி முதலாளியிடம் நீட்டுகிறான். "நீங்களே தெளிச்சு ஊத்துங்க. நான் தள்ளி நின்னு போட்டோ புடிக்கிறேன்." முதலாளி இரண்டடி பின்வாங்குகிறார். ஸ்டூடியோக்காரரின் விரல் பொத்தானை அழுத்துகிறது.