ரெண்டு விரல் தண்ணீர்

"மறுபடியும் ரெண்டு விரல் இறங்கிடுச்சு மேஸ்திரி!"

மாடி வீட்டுக்காரம்மா குளியலறை வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினாள். எட்டிப் பார்த்ததில் நைட்டியின் ஓரமெல்லாம் ஈரம். மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை.

அவர் பூசினால் ஒரு சொட்டு இறங்காது என்று ஊரெல்லாம் பேர். இங்கேயும் கசிவு தடுக்கும் பூச்சை இழைத்து இழைத்துப் பூசி, தண்ணீர் போகும் துளையை அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டிருந்தார். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றால்தான் டைல்ஸ் ஒட்ட முடியும். மூன்று தடவை நிறுத்தியாயிற்று, நின்றபாடில்லை.

"கீழ சீலிங்கைப் பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? இவ்ளோ நேரம் அங்கதான் இருந்தேன். நல்லா காய்ஞ்சு கிடக்கு. அக்கா காபி வேற போட்டுக் குடுத்தா."

கீழ் வீட்டில் இருப்பது கூடப்பிறந்த அக்காதான். பழைய குளியலறை ஒழுகி அக்காவின் பீரோத் துணியெல்லாம் பாழானதில் வாய்ச்சண்டை முற்றி, வருடக்கணக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பேருக்கும் வீம்பு. இந்தச் சோதனைக்காகத்தான் தங்கை படியிறங்க ஆரம்பித்திருந்தாள்.

கீழே சீலிங் காய்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் மாயமாகிறதா? மேஸ்திரிக்குப் பொறி தட்டியது. தான் வந்துபோக வசதியாக மாடி வீட்டின் இன்னொரு சாவியை அக்காவிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். பழைய கோபத்தில் அந்தம்மாதான் மேலே வந்து தண்ணீரை மொண்டு கொட்டுகிறாள், சந்தேகமே இல்லை!

அக்காவிடமிருந்து சாவியைக் கையோடு வாங்கிக்கொண்டார். தண்ணீரைக் கோடு வரை நிரப்பினார். "நாளைக்கும் இறங்கிச்சுன்னா, இந்தத் தொழிலையே விட்டுடறேம்மா" என்று சபதம் வேறு.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். உள்ளே சளக் சளக்கென்று சத்தம். மெல்லக் கதவைத் திறந்துகொண்டு போய்க் குளியலறையை எட்டிப் பார்த்தார்.

நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள் தங்கை.

"ஏம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறது நீங்கதானா?"

கையிலிருந்த குவளை நழுவியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டெஸ்ட் முடிஞ்சிட்டா, எந்தச் சாக்குல நான் அக்கா வீட்டுக்குப் போறது மேஸ்திரி?"