முந்நூற்றுப் பன்னிரண்டு

“சர்க்கரை முந்நூத்திப் பன்னெண்டு! திருட்டுத்தனமா என்னத்தைத் தின்னே?” ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே, சர்க்கரை பார்க்கும் கருவியை நீட்டி அம்மாவை அதட்டினான் மகன்.

“சத்தியமா ஒண்ணும் சாப்பிடலடா. கையெல்லாம் நடுங்குது.”

“நடிக்காதே. இன்சுலினைக் கூட்டிப் போட்டாத்தான் சரிப்படுவே.” ஊசியை எடுத்தான்.

தங்கை அதைப் பிடுங்கினாள். “அறிவிருக்காண்ணா? நீ முழுங்கற ஆரஞ்சை உரிச்சது யாரு?”

அம்மாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி விரலில் குத்திக் கருவியில் பார்த்தாள்.

ஐம்பத்தெட்டு.

விரலில் காய்ந்திருந்த துளிச் சாறு, தாழ்ந்து கிடந்த சர்க்கரையை மலையாகக் காட்டியிருக்கிறது!

“ஊசி போட்டிருந்தா அம்மா மயங்கி விழுந்திருப்பா. வாயைப் பிளக்காம அந்தச் சுளைங்களைக் கொடு.”

ஊட்டினான். விரலுக்கு வெளியே பொய் சொன்ன அதே சாறு, உள்ளே போய் நடுக்கத்தை நிறுத்தியது.

“உனக்கு உரிச்சதுடா” என்றாள் அம்மா.